சுடாத இடம்

விஸ்வநத்தம்
22.2.2009

அன்புள்ள மச்சானுக்கு,

இல்லை, அழவில்லை. நீங்கள் போனில் கேட்டபோது அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் பேச்சை மாற்றினேன்.

நீங்கள் அனுப்பிய போட்டோவை எழில் வாங்கி முதலில் பின்பக்கம் பார்த்தாள். பிறகு திருப்பினாள். இடது கன்னத்தில் விரலை வைத்து, தாடை வரைக்கும் இழுத்தாள். "தடவுனா வழுவழுன்னு இருக்கு" என்றாள். போட்டோத் தாள் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் அதைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். டீச்சர் யார் இது என்று கேட்டிருக்கிறார். "எங்கப்பா. மெட்ராஸ்ல புதுசாச் செய்யுறாக" என்றாளாம். டீச்சர் என்னைப் பார்த்தபோது சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருத்தப்பட்டார். பரவாயில்லை என்றேன். பட்டாசுக் கம்பெனியில் வெடித்ததிலிருந்து இரண்டு வருடமாக உங்கள் முகத்தைப் பார்த்தால் என் முந்தானைக்குள் போனவள். இப்போது பையில் வைத்திருக்கிறாள்.

இரண்டு போட்டோக்களையும் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். தப்பாக நினைக்க வேண்டாம். காலண்டரில் கலர் பார்க்கிற வேலையில் இருந்தால் எதையும் லென்ஸ் வைத்துப் பார்க்கிற புத்தி வந்துவிடுகிறது. லேசர் வைப்பதற்கு முன்னால் எடுத்தது ஒன்று. இப்போது எடுத்தது ஒன்று. உங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறது. முதல் போட்டோவில் அந்தத் துணி மஞ்சளடித்திருக்கிறது. இரண்டாவதில் பால் போல இருக்கிறது. துணி ஒன்றுதான், வெளிச்சம் வேறு. ஆகவே நிறத்தில் தெரிகிற தெளிவில் பாதி விளக்கின் வேலை. மீதி நிஜம்.

மேடு பள்ளம் மட்டும் பொய் சொல்லாது. முதல் போட்டோவில் தாடைக்கு மேலே தழும்பு கயிறு கயிறாக ஓடுகிறது. ஒவ்வொரு கயிற்றுக்கும் கீழே நிழல். இரண்டாவதில் அந்த நிழல் இல்லை. நிழல் இல்லையென்றால் மேடு இல்லை. அந்த மிஷின் வேலை செய்கிறது.

டாக்டரம்மா சொன்னதாக நீங்கள் சொன்னதை ஹக்கீம் பாயிடம் சொன்னேன். பிரஸ் முதலாளி என்றாலும் எல்லாக் கதையும் அவருக்கு வேண்டும். தோல் முழுவதையும் லேசரால் சுடுவதில்லை, ஊசிமுனை அளவுக்குப் புள்ளி புள்ளியாகச் சுட்டு நடுவில் விட்டுவிடுகிறார்கள், சுடாத இடம்தான் சுட்ட இடத்தை ஆற்றுகிறது என்றேன். மேட்டுக்கு ஒரு மிஷின், நிறத்துக்கு வேறு மிஷின் என்றேன். அவர் மேசையில் கிடந்த மாரியம்மன் காலண்டர் புரூஃபை என் பக்கம் தள்ளினார். அம்மன் கன்னமும் அப்படித்தான். லென்ஸ் வைத்தால் கன்னம் இல்லை. சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி, நடுவில் வெறும் தாள். தள்ளி நின்றால் கன்னம்.

"அப்ப ஒன் மாப்ளைக்கும் கலர் கலரா ஓட்டுறாகன்னு சொல்லு" என்றார் பாய். "மை காயிற வரைக்கும் தாளத் தொடக்கூடாது. தேச்சா அசிங்கமாப் போயிரும். சொல்லி வையி."

சொல்லிவிட்டேன். பொருக்கு தானாக உதிரட்டும். சொறிய வேண்டாம்.

வியாழக்கிழமை சங்கையா அண்ணாச்சி வந்திருந்தார். கம்பெனிக்கு லேபிள் ஆர்டர். உங்கள் போர்மேன் பிரஸ்ஸுக்கு வருவது புதிதில்லை. ஆனால் லேபிளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"பாப்பா, ஒன் வீட்டுக்காரன் மூஞ்சி ஆனிக்குள்ள தெளிஞ்சிருமா?"

ஆனிக்கு என்ன என்று கேட்டேன்.

"தீவாளி சீசன் வருதுல்ல. மணிமருந்து கலக்க அவன விட்டா நமக்கு ஆளு ஏது? மூஞ்சிதான் தடங்கல். அதப் பாத்தா பக்கத்து ரூம் பொம்பளைகளுக்குக் கை நடுங்குதாம். கை நடுங்குனா மருந்து நடுங்கும். அதுக்குத்தான முதலாளி அம்புட்டுத் தூரம் அனுப்பி வச்சிருக்காரு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்.

எனக்குத் தெரியாது. எழிலுக்காக என்று நினைத்திருந்தேன். கம்பெனியின் சென்னை டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர், முகம் ஆறும், பிள்ளை பக்கத்தில் வரும், அவ்வளவுதான் என்று. மருந்து ரூமுக்குத் திரும்புவதற்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எழுத வேண்டாம். தெரியாதென்றால் எழுதுங்கள்.

அத்தை காலண்டரில் பங்குனியைத் திருப்பிவைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் நேர்ந்துகொண்ட வேண்டுதல்: பிழைத்தால் விருதுநகர் மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பான் என்று. இந்த வருடமும் தள்ளக்கூடாது என்கிறார்கள். லேசர் வைத்த தோலுக்கு வெயிலும் சூடும் ஆகாது, நம் நிறத்துக்கு உடனே கருத்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "அம்மன் குடுத்த மூஞ்சிக்கு அம்மன் நெருப்பு ஆகாதாக்கும்" என்றார்கள். வருவதும் வராததும் உங்கள் முடிவு. இரண்டில் எதற்கும் நான் குறுக்கே வரமாட்டேன்.

கரண்ட் போய்ப் போய் வருகிறது. எழிலுக்கு முன்பல் ஆடுகிறது. பிடுங்கிவிடு என்கிறாள். நீங்கள் வந்து பிடுங்கட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

களிம்பை மறக்காமல் போடுங்கள். டிப்போவில் சிரித்தால் சிரிக்கட்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளக் கேட்கும்
செல்வலட்சுமி


விஸ்வநத்தம்
12.4.2009

அன்புள்ள மச்சானுக்கு,

திருவிழா முடிந்து நீங்கள் சென்னை போய்ச் சேர்ந்ததாகத் தம்பி இருளாண்டிக்குப் போன் வந்தது. வந்து சொன்னான். டாக்டரம்மா திட்டியதாகவும் சொன்னான். கருத்தது மறுபடியும் தெளியும், ஆனால் நாளாகும், அதுவரை லேசர் கிடையாது என்று சொன்னார்களாம். நான் எதிர்பார்த்ததுதான். பஸ் ஏறும்போதே பார்த்தேன். கன்னத்தில் காப்பிப் பொடி தூவினாற்போல இருந்தது.

எனக்கு வருத்தமா என்றால், இல்லை. சந்தோஷமா என்று கேட்க வேண்டாம்.

நீங்கள் இருந்த நாட்களை எழுதிவைக்க நினைக்கிறேன். நீங்களே இருந்தீர்கள், உங்களுக்கே எதற்கு என்று தோன்றும். நான் பார்த்ததை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

குடையும் முகம் முழுக்க வெள்ளைக் களிம்புமாக பஸ்ஸிலிருந்து இறங்கினீர்கள். இருளாண்டி, "என்னண்ணே, நாடகத்துல இருந்து நேரா வாறீகளா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரிக்கும்போது இடது கன்னம் மடிந்தது. முன்பெல்லாம் மடியாது. பலகை போல நிற்கும். இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

எழில் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து களிம்பை மோந்து பார்த்தாள். சாயங்காலம் மடியில் உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடுவாளோ என்று இருந்தது. "இங்கன எரிஞ்சுச்சா? இங்கன? இங்கன?" என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டாள். நீங்கள் இல்லை, இல்லை என்றே சொன்னீர்கள். எரிந்த இடத்துக்கும் இல்லை என்றீர்கள்.

பல்லை நீங்கள் பிடுங்கவில்லை. "அம்மா பிடுங்கட்டும்" என்று சொல்லிவிட்டீர்கள்.

மறுநாள் காலையில் காப்பி கொடுத்தேன். நீங்கள் குளித்து, பூசை முடித்து வர நேரமாகிவிட்டது. டம்ளரை எடுக்கப் போனீர்கள். எடுக்கவில்லை. தரையிலேயே இருந்தது. குனிந்து, வாயை டம்ளருக்குக் கொண்டுபோய் ஓர் உறிஞ்சு உறிஞ்சினீர்கள். நான் பார்ப்பது தெரிந்ததும், "சூடு" என்றீர்கள்.

அது ஆறிப்போன காப்பி, மச்சான்.

சட்டைப் பட்டனை எழில் போட்டுவிட்டாள். அவளுக்கு அது விளையாட்டு. மேல் பட்டனை மாற்றிப் போட்டுவிட்டாள். நீங்கள் அதைச் சரிசெய்யாமல் அப்படியே கடைக்குப் போனீர்கள்.

அதற்கு அடுத்த நாள் விருதுநகர்.

எப்போதும்போலக் கூட்டம். ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், ஊற்றிய இடம் உடனே காய்ந்தது. மஞ்சள் வேட்டி, இடுப்பில் வேப்பிலை. கையில் வேப்பிலைக் கொத்து வைத்து அதன்மேல் சட்டியை ஏற்றினார்கள். அத்தை உங்கள் முகத்துக் களிம்பைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்கள். அம்மன் முன்னால் பூச்சோடு போகக்கூடாது என்றார்கள். நீங்கள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றீர்கள். சின்னப் பிள்ளை மாதிரி.

சட்டி எடுப்பவர்களின் "ஆகோ அய்யாகோ" சத்தத்தில் நான் பின்னால் போய்விட்டேன். தெப்பக்குளம் பக்கம் வந்தபோதுதான் மறுபடியும் உங்களைப் பார்த்தேன். கை ஆடியது. பிறகு சட்டி ஆடியது. கங்கு ஒன்று எகிறி ரோட்டில் விழுந்தது. குலவை எழுந்தது. ஒரு கிழவி திருநீற்றை அள்ளி உங்கள் நெற்றியில் அப்பினாள். அத்தை ரோட்டில் விழுந்து கும்பிட்டார்கள். இருளாண்டி உங்கள் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். அவனும் சத்தம் போட்டான்.

சங்கையா அண்ணாச்சி எனக்கு முன்னால் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வந்துட்டா. ஆத்தா எறங்கிட்டா. நெருப்ப அவன் கையிலயே வச்சு ஆடிட்டா. இனி மருந்து ரூம்ல அவன ஒண்ணுஞ் செய்யாது" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அந்த ஆளுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் குலவை போடவில்லை. நாக்கு புரளவில்லை. பக்கத்தில் குருவம்மாள் அக்கா நின்றிருந்தார்கள். அவர்களும் போடவில்லை. தன் புருசன் கருப்பணன் அண்ணனை நினைத்திருப்பார்கள் என்று எண்ணினேன். வெடித்த அன்றைக்கு உங்களோடு அந்த ரூமில் இருந்தவர். அவர் உயிரோடு வரவில்லை, நீங்கள் வந்தீர்கள். அந்த அக்கா உங்களைப் பார்க்கும்போது என்ன பார்க்கிறார்கள் என்று இதுவரை எனக்குப் புரிந்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். காப்பி முதல் நாள். சட்டி அடுத்த நாள். வரிசையை மட்டும் எழுதுகிறேன்.

அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டார்கள். சங்கையா அண்ணாச்சி குங்குமம் கொண்டுவந்து கொடுத்தார். முதலாளி வீட்டிலும் சொல்லியாகிவிட்டதாம். முகம் கொஞ்சம் கருத்ததைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஆத்தாளே சம்மதித்த பிறகு முகத்துக்கு என்ன என்கிறார்கள்.

பிரஸ்ஸில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வேலை தொடங்கிவிட்டது. ஆடிப் பதினெட்டுக்குள் கடைகளுக்குப் போக வேண்டும். ஹக்கீம் பாயின் தம்பி சென்னையில், ராயப்பேட்டையில் பிரஸ் வைத்திருக்கிறார் அல்லவா. அங்கே கலர் பார்க்க ஆள் நிற்பதில்லையாம். "மெட்ராஸ்காரனுக்கு எல்லா அம்மனும் ஒரே கலரு. நீ போறியா?" என்று பாய் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எழிலின் பல் தானாக விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று தாளில் மடித்து வைத்திருக்கிறாள்.

களிம்பைத் துடைக்க யாருக்கும் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

நினைவோடு
செல்வலட்சுமி


விஸ்வநத்தம்
29.5.2009

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். அத்தைக்கு முழங்கால் வலி. இருளாண்டி வீட்டில் இருக்கிறார்கள், அங்கே சாய்வு நாற்காலி இருக்கிறது, இப்போது அதுதான் அவர்களுக்கு வீடு. தேர்தல் முடிந்து நம் சுவரில் எழுதியதைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வெயில் அடித்தால் எழுத்து இன்னும் தெரிகிறது.

கம்பெனியிலும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். மருந்து ரூமுக்கு. சங்கையா அண்ணாச்சி சொன்னார். "ஒன் வீட்டுக்காரனுக்குத்தான் ரெடி பண்ணுறோம் பாப்பா." அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. அதனால் அவரிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, அவுக கை நடுங்குது."

"அது ஆத்தா."

"சட்டி எடுக்கிறதுக்கு முந்தின நாளும் நடுங்குச்சு."

"அப்ப ஆத்தா முந்தின நாளே வந்திருப்பா."

லேபிள் புரூஃபைக் கொடுத்தேன். நல்லா இருக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

உங்களிடம் போனில் கேட்டபோதும் அதே பதில்தான். "ஆத்தா பாத்துக்கிருவா." உங்கள் குரல் அதைச் சொன்ன விதத்தை எழுதத் தெரியவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்தாற்போல இருந்தது.

நேற்று குருவம்மாள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். சாதாரணமாக வருகிறவர்கள் இல்லை. வெடித்த அந்த வைகாசிக்குப் பிறகு நம் வாசலை மிதித்ததில்லை. உட்காரச் சொன்னேன், நின்றார்கள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள். பிறகு உட்கார்ந்தார்கள்.

அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் என் பேச்சு ஆகிவிடும்.

"எங்க வீட்டு ஆளுக்கு வருசா வருசம் ஆத்தா வருவா. நீயும் பாத்திருக்க. கால்ல இருந்து ஏறும். கண்ணு சொருகும். காதுல கத்துனாலும் கேக்காது. ஒன் வீட்டுக்காரரு, காளீஸ்வரன் தம்பி, அப்படியா இருந்தாக? முழிச்சுக்கிட்டு இருந்தாக தாயி. சட்டியவே பாத்துக்கிட்டு இருந்தாக, விழுந்துருமோ விழுந்துருமோன்னு. சாமி வந்தவன் சட்டியப் பாப்பானா?"

செம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் பேசினார்கள்.

"மூஞ்சியப் பாத்துப் பயந்தோம்னு அந்த போர்மேன் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. யாரு பயந்தா? எங்க வீட்டு ஆளு மூஞ்சிய நான் கடைசியாப் பாத்தவ. எனக்கா பயம்? கையப் பாத்துத்தான் பயந்தோம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த பெறகு ஒரு நாளு ரூமுக்கு வந்தாகள்ல, அன்னைக்கே பாத்தோம். கையின்னு சொன்னா அந்தத் தம்பி பொழப்புப் போயிருமேன்னு மூஞ்சின்னு சொன்னோம். எங்களுக்கு என்ன தெரியும், மூஞ்சியச் சரி பண்ண மிஷின் இருக்கும்னு?"

பிறகு அக்கா சிரித்தார்கள். உங்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு உடனே நின்றுவிட்டது.

"பக்கத்து ரூம்ல நாந்தான் பேக்கிங் பாக்குறேன். எனக்கும் பிள்ளைக இருக்கு. நீ சொல்லு. நான் சொன்னா ஆத்தாளப் பழிக்கிறியான்னு ஒன் மாமியா வெளக்கமாத்தத் தூக்கிருவாக."

போகும்போது எழிலின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

கல்யாணமான புதிதில் நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நிலைப்படியில் நின்று பார்த்தீர்கள். சல்லடை சுளகில் தட்டிக்கொண்டே இருந்தது. "இந்தக் கைய எங்க ரூம்ல விட்டா ஊரே போயிரும்" என்று சிரித்தீர்கள். பிறகு சல்லடையை வாங்கி நீங்கள் சலித்துக் காட்டினீர்கள். ஒரு சத்தம் இல்லை. மாவு தானாக இறங்குவதுபோல இறங்கியது. அந்தக் கையை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கையும் தெரிகிறது.

நேற்று மறுபடியும் இரண்டு போட்டோக்களையும் எடுத்துப் பார்த்தேன். முகம் மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லை. லேசர்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் முகத்தைத்தான் கொடுத்தோம். அதை அவர்கள் சரியாகவே செய்கிறார்கள். வெயிலில் கருத்ததும் இப்போது இறங்கியிருக்கும். மிச்சத்தையும் செய்துகொள்ளுங்கள். பாதியில் விட வேண்டாம். நிறம் முழுவதும் ஒன்றாக வராது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் போகட்டும். கன்னம் மடிகிறது. பிள்ளை தொடுகிறாள். எனக்கு அது போதும், எழிலுக்கு அதுவே அதிகம்.

அதே டாக்டரம்மாவிடம் கையைக் காட்டுங்கள். இது அவர்கள் பார்க்கிற வியாதி இல்லை என்றால் யாரிடம் போக வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அந்த வெடியைப் பார்த்த கை. நடுங்காமல் இருந்தால்தான் கேள்வி.

முதலாளிக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்று அத்தை சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. முகத்துக்குச் செய்தார். முகத்தைக் கொண்டுபோய் நின்று நன்றி சொல்லுங்கள். கையைக் கொடுக்க வேண்டாம். அது நம்முடையது மட்டும் இல்லை. குருவம்மாள் அக்காவின் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.

ஆத்தா வந்தாளா இல்லையா என்று நான் அத்தையிடம் வாதாடப் போவதில்லை. அவர்கள் அன்றைக்கு ரோட்டில் விழுந்து எழுந்தபோது அவர்கள் முகமும் தெளிந்துதான் இருந்தது. அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்? ஆத்தா வந்ததாகவே இருக்கட்டும். வந்தவள், மருந்து ரூமுக்குப் போக வேண்டாம் என்று சொல்லத்தான் கையை ஆட்டினாள் என்று நீங்கள் சொல்லலாம். அத்தை கேட்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

ஆனியில் வருகிறேன் என்று சொன்னீர்கள். வர வேண்டாம். புருசனுக்கு இப்படி எழுதுகிறவள் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

சுடாத இடம்தான் சுட்ட இடத்தை ஆற்றுகிறது என்று பிப்ரவரியில் உங்களுக்கு எழுதியபோது அச்சு வேலையை நினைத்துக்கொண்டு எழுதினேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. நம் வீட்டில் நெருப்புப் படாத இடம் இரண்டு இருக்கிறது, எழிலும் நானும்.

எழில் பல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். தபாலில் அனுப்ப மாட்டாளாம். கையில்தான் கொடுப்பாளாம்.

மாரியம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். நீங்கள் நிற்கிற இடத்தில் நிழல் இருக்கட்டும். டம்ளரை இரண்டு கையாலும் பிடியுங்கள், மச்சான். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

உங்கள்
செல்வலட்சுமி


கடிதத்தை ஒட்டித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, செல்வலட்சுமி பள்ளிக்கூடத்துக்குப் போய் எழிலுக்கு டி.சி. வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். எந்த ஊரில் சேர்க்கப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். சென்னை, ராயப்பேட்டை என்றாள்.